ஒரு கல்லீரலுக்கு நான் சொன்ன உரை

பொய் சொல்லலாமா கூடாதா என்று இருபது வருஷமாகப் பாடம் நடத்திச் சாப்பிடுகிறவன் நான். கொடைக்கானலில் ஒரு கல்லூரியில் அறவியல் வாத்தியார். எந்தச் செயல் சரி, எது தன்னளவிலேயே நல்லது, எது வேறொன்றுக்காக மட்டும் நல்லது என்று கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதுவேன். வெளியே மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துவிட்டால் பிள்ளைகள் பாவம், பார்ப்பதற்கு என்னைத் தவிர வேறொன்றும் இருக்காது. அப்படிப்பட்டவன் சொந்த அக்காளிடம் ஒரு பெரும் பொய்யைச் சொல்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம், ஒரு தும்மல் போடுகிற நேரம்.

அக்காள் மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிறவள். அத்தான் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள். அவள் நாலு வருஷத்துக்கு முன்னால், காய்கறி ஏற்ற வந்த கன்னிவாடிக்கார வண்டிக்காரனோடு கீழே இறங்கிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை. இருவருக்கும் நடுவே தகவல் சொல்லும் வேலை எனக்கு. அதாவது, அவள் கேட்டதை இவளிடம் சொல்லாமலும், இவள் திட்டியதை அவளிடம் சொல்லாமலும் இருக்கும் வேலை.

போன வருஷம் அக்காளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் அறுத்து எடுத்தார்கள். ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டி, பிறகு பூனைக்குட்டியின் முதுகு மாதிரி மெத்தென்று முளைத்தது. கடைசியாக ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். ரிப்போர்ட் வாங்க நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வளைவுகள் முடிந்து சமதளம் வந்ததும் அக்காள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு பேசினாள். என்னிடம் சொல்வதாக இல்லை, ஜன்னல் கம்பியிடம் சொல்வதாக.

"ரிப்போர்ட்டு நல்லபடியா வந்துச்சுன்னா பழனியில முடி எறக்குறேன்னு நேந்துருக்கேன். வேற மாதிரி வந்துச்சுன்னா நீ அவளுக்குப் போனப் போட்டு வரச் சொல்லிரு."

நான் எவளுக்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டு விழுந்திருக்கும்.

"நான் கூப்புட்டேன்னே சொல்லு" என்றாள். 

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அக்காள் வெளியே பெஞ்சில், மடியில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்லீரலில் பல இடங்களில் பரவியிருக்கிறது, இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, சில மாதங்கள் என்றார். "நீங்க படிச்சவர், பக்குவமாச் சொல்லிருங்க" என்று முடித்தார். என் படிப்பைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணம் எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வெளியே வந்தேன். அக்காள் ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை நீட்டி, "வாசிடா" என்றாள். இங்கிலீஷ் ரிப்போர்ட்டுகளை எல்லாம் நான்தான் அவளுக்குத் தமிழில் வாசித்துக்காட்டுவது வழக்கம். பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உறையைப் பிரித்தேன். முதல் வரியில் அவள் பெயர், இரண்டாம் வரியில் வயது. அதுவரைக்கும் உண்மை. மூன்றாம் வரியில் கல்லீரல் வந்தது. என் உள்ளங்கை ஈரமாகி, காகிதம் விரலோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் மட்டும், கல்லூரி ஆண்டுவிழாவில் தலைமையுரை ஆற்றும்போது வருமே ஒரு சிரிப்பு, அது வந்து உட்கார்ந்துகொண்டது.

"கல்லீரல் நல்லா இருக்கு" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தவன் நிறுத்தமாட்டான். இருபது வயதுப் பெண்ணின் கல்லீரல் மாதிரி பளபளவென்று இருப்பதாக டாக்டரே அசந்துபோனார் என்றேன். சிறுநீரகம், மண்ணீரல், கணையம் என்று ஒவ்வொன்றுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு சுரப்பியைக்கூடப் புகழ்ந்ததாக ஞாபகம். அக்காள் இரண்டு கைகளையும் கூப்பி, பழனி இருக்கும் திசை என்று அவள் நினைத்த திசையில் கும்பிட்டாள். அந்தத் திசையில் கேன்டீன் இருந்தது.

திரும்பி வரும்போது வத்தலக்குண்டில் பஸ் நின்றது. அக்காள் தூங்கிவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிப்போர்ட் மோசமாக இருந்தால் மகளைக் கூப்பிட வேண்டும் என்றாள். நான் ரிப்போர்ட்டைக் குணப்படுத்திவிட்டேன். அக்காளைத்தான் குணப்படுத்தவில்லை. நாலு வருஷமாக ஆட்டம் காணாத ஒரு பாறை, தானாகவே ஒரு விரற்கடை அசைந்திருந்தது. அதைத் தும்மல் போடுகிற நேரத்தில் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க என் மண்டைக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். வகுப்பில் நான் அறிமுகப்படுத்திவைக்கும் அதே மூன்று பேர்தான். விளைவைப் பார்க்கிறவர் முதலில் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சந்தோஷம்தானே தன்னளவில் நல்லது, மற்றதெல்லாம் அதற்கு ஏணி, உன் அக்காள் சந்தோஷமாக இருக்கிறாள், அப்புறமென்ன என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமாம், அந்த மகளைக் கணக்கில் சேர்த்தாயா என்று கேட்டார். கடமைக்காரர் எப்போதுமே கடுகடுப்பு. அக்காளுடைய சாவு அக்காளுடையது, அதை என்ன செய்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும், அவளைக் கேட்காமல் நீயே முடிவு செய்தது அவளை ஒரு பொம்மையாக்கிய மாதிரி என்றார். விளைவு நல்லதாகவே இருந்தாலும் அது தப்புதான் என்றார். மூன்றாமவர் குணத்தைப் பார்க்கிறவர். அவர் செயலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. தைரியமும் அன்பும் உள்ள ஒருவன் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்திருந்தது நான்.

வகுப்பில் அந்த வாரம் வந்து நின்ற பாடமும் அதுவாகவே இருந்தது. வாழ்நாள் முழுக்க ஏமாற்றப்பட்டு, ஏமாற்றப்படுவது தெரியாமலேயே சந்தோஷமாக வாழ்ந்து முடித்த ஒருத்தியின் வாழ்க்கை நல்ல வாழ்க்கையா? இன்பம் ஒன்றே தன்னளவில் நல்லது என்பவர்கள் ஆமாம் என்று சொல்லியாக வேண்டும். உண்மையை அறிந்திருப்பதும், ஒருவரோடொருவர் மெய்யாகவே உறவாயிருப்பதும்கூடத் தன்னளவில் நல்லவை என்பவர்கள் இல்லை என்பார்கள். இதை நடத்திக்கொண்டிருக்கும்போதே குரல் கம்மியது. தொண்டையில் குளிர் என்று சமாளித்தேன். அதுவும் பொய்.

முன்வரிசையில் பூம்பாறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "சார், அந்தம்மாவுக்கு நஷ்டமா இல்லையான்னு மட்டும் கேக்குறீங்க. அவங்களுக்குத் தெரியாததால மத்தவங்களுக்கு எது கெடைக்காமப் போச்சுன்னு ஏன் சார் கேக்க மாட்டேங்குறீங்க?"

நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்றேன். அடுத்த வகுப்புக்கு நான் லீவு.

அக்காள் அதற்குள் பழனிக்குத் தேதி குறித்துவிட்டாள். என் பயத்துக்கு இப்போது இரண்டாவது மாடி கட்டியாயிற்று. வரம் கிடைத்தால்தான் முடி. வரம் கிடைக்கவில்லை, முடி மட்டும் போகப்போகிறது. அக்காளை ஏமாற்றியது போதாதென்று சாமியிடமும் ஒரு பொய்யான ரசீதை நீட்டப்போகிறேன். கார்த்திகைக் கூட்டம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். மலைப்பாதையில் மண் சரிந்து கெடக்கு என்று இன்னொரு வாரம். மேலே போகும் ரோப் கார் பராமரிப்பில் இருக்கிறது என்று மூன்றாவது வாரம் சொன்னேன். பார்த்தால், அது மட்டும் நிஜமாகவே பராமரிப்பில் இருந்தது. அந்த மாதத்தில் நான் சொன்ன ஒரே உண்மை, அதுவும் எனக்குத் தெரியாமல்.

இந்த நேரத்தில்தான் கன்னிவாடியிலிருந்து மகள் போன் செய்தாள். அம்மா ரிப்போர்ட் என்னாச்சு மாமா என்றாள். ஒருத்தியிடமாவது உண்மையைச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. சொன்னேன்.  நான் இன்னைக்கே பொறப்பட்டு வாரேன் மாமா என்றாள்.

இங்கேதான் என் மூளை தன் முழுத்திறமையையும் காட்டியது. வராதே என்றேன். திடீரென்று வந்து நின்றால் அம்மாவுக்குச் சந்தேகம் வரும், பழனிக்கு வா, முடி இறக்கி, சாமி கும்பிட்டு, மனசு குளிர்ந்து கீழே வரும்போது நீ நில்லு, அப்போது தானாகவே உன்னைச் சேர்த்துக்கொள்வாள் என்றேன். என் பொய்யும் கெடாது, அம்மாவும் மகளும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். இரண்டு நன்மை, ஒரே பயணம். விளைவைப் பார்க்கிறவர் இந்தத் திட்டத்தை மிகவும் ரசித்தார். அவரிடம் உள்ள ஒரே குறை, நாளைக்கு என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியாது என்பதுதான். இதையும் நான் வருஷாவருஷம் வகுப்பில் சொல்கிறேன்.

நான்காவது வாரம், இருட்டோடு வெள்ளனே கிளம்பி பெருமாள்மலையைத் தாண்டி பழனி ரோட்டில் இறங்கினோம். அக்காள் வழியெல்லாம் பூண்டு ஊன்றும் சோலியைப் பற்றியே பேசினாள். இந்தத் தடவை ஓடைப்பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் போடப்போகிறாளாம், அடுத்த வருஷம் தரைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறாளாம். அடுத்த வருஷம் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது குரங்கைக் காட்டினேன். குரங்கு இல்லாத வளைவிலும் காட்டினேன்.

அடிவாரத்தில் முடி எடுக்கும் மண்டபத்தில் ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முடி எடுக்கிறவர் தண்ணீரைத் தொட்டு அவள் தலையில் தடவிவிட்டு, இவ்வளவு சின்ன முடியா என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு அவளிடமே கேட்டார். "நேந்துக்கிட்டது நடந்துச்சாம்மா?"

"நடந்துருச்சுய்யா. எந்தம்பிதான் வாசிச்சான்" என்றாள் அக்காள். சொல்லும்போது என் பக்கம் கையை வேறு நீட்டிக் காட்டினாள். சுற்றி இருந்த மொட்டைத் தலைகள் எல்லாம் என்னை மரியாதையாகப் பார்த்தன.

கத்தி நாலு இழுப்பில் வேலையை முடித்துவிட்டது. ஆறு மாதமாக முளைத்தது அது. சந்தனம் பூசினார்கள். படியேற வேண்டாம் என்று கெஞ்சி விஞ்ச் ரயிலில் கூட்டிக்கொண்டு போனேன். சந்நிதியில் அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். மூடினால் அந்த மூன்று பேரில் யாராவது பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயம்.

கீழே இறங்கினோம். பஞ்சாமிர்தக் கடை ஓரமாக மகள் நின்றிருந்தாள். தூக்குச்சட்டி ஒன்றைக் கையில் வைத்திருந்தாள், அம்மாவுக்குச் சோறு. அக்காள் பார்த்துவிட்டாள். நடை நின்றது. என் திட்டப்படி இந்த இடத்தில் மனசு குளிர வேண்டும்.

"எதுக்கு வந்த?" என்றாள்.

"ஒன்னயப் பாக்கத்தாம்மா."

"பாத்துட்டேல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன், சாமி நல்லாக்கிருச்சு. சாகக் கெடந்திருந்தா நானே கூப்புட்டிருப்பேன். இப்ப அதுக்கு அவசியம் இல்ல, நீ ஒஞ் சோலியப் பாரு."

குரலில் கோபம்கூட இல்லை. உடம்பு தேறியவளின் நிதானம். அதை நான்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். மகள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க மாமா."

கடைக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் மொட்டைத் தலையோடு பலூன் கேட்டுக்கொண்டிருந்தன. என் சட்டை முதுகோடு ஒட்டியது.  கடைசியில் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு நான் மாத்தி வாசிச்சுட்டேன். கல்லீரல்ல பரவிருச்சு. டாக்டரு ஒன்னும் பண்ண முடியாதுன்னுட்டாரு. நீ இவகூடப் பேசு."

அக்காள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை உடையும், அழுவாள், என்னை அறைவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன். அவள் சிரித்தாள்.

"இவளச் சேத்து வைக்கணும்னு சொந்த அக்காளுக்கே சீக்கக் கொண்டாந்து வக்கிறியேடா. ஏலே, அன்னைக்கு நீ வாசிக்கும்போது சிரிச்சுக்கிட்டே வாசிச்ச. இப்பப் பாரு, திருடன் மாதிரி வேக்குது. எது பொய்யின்னு எனக்குத் தெரியாதா?"

ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்றேன். டாக்டருக்கே போன் போடுகிறேன், நீயே கேள் என்று போனை எடுத்தேன். அவள் தன் மொட்டைத் தலையை உள்ளங்கையால் தட்டிக்காட்டினாள்.

"முடியக் குடுத்தாச்சு. நேந்துக்கிட்டது நடக்காமயா சாமி வாங்கிக்கிட்டான்? டாக்டரு பெருசா, அவன் பெருசா?"

 இதற்கு அறவியலில் பதில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். விளைவை ஒவ்வொரு செயலாகப் பார்க்காமல் விதியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. எல்லோரும் இரக்கப்பட்டுப் பொய் சொல்லத் தொடங்கினால் எந்த நோயாளியும் எந்த ரிப்போர்ட்டையும் நம்பமாட்டான், அதனால் அந்த விதியே ஆகாது என்பார்கள். எல்லோரும் என்பதெல்லாம் தேவைப்படவில்லை. நான் ஒருவன் ஒரே ஒரு தடவை சொன்னதே போதுமானதாக இருந்தது.

தூக்குச்சட்டியை மகள் என் கையில் கொடுத்துவிட்டு ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஏறிப் போனாள். அக்காள் அதைத் தொடவில்லை. நான் மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றேன். பயத்தில் எனக்கு நன்றாகப் பசிக்கும்.

அதன்பிறகு அக்காள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள். மொட்டை போட்டுவிட்டு மறுபடியும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் சாமி குத்தம். கடமைக்காரரின் பேச்சைக் கேட்டு இன்னும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், அவ எவ்வளவு குடுத்தா ஒனக்கு என்று கேட்டாள். வலி மாத்திரைகளைச் சத்து மாத்திரை என்று கொடுத்தேன். அதை மட்டும் உடனே நம்பினாள்.

ஓடைப்பக்கத்து நிலத்திலும் சேர்த்துப் பூண்டு ஊன்றினாள். பாதி பாத்தி ஊன்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவாள், ஆட்கள் மீதியை முடிப்பார்கள். கண் மஞ்சளாயிற்று. தலையில் பூசிய சந்தனம் கண்ணில் இறங்கிவிட்டது, எளநி குடித்தால் சரியாய்ப் போகும் என்றாள். வயிறு வீங்கியது. பழனித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். என் பொய்க்கு நான் ஒரே ஒரு நாள்தான் உழைத்தேன். அவள் ஒவ்வொரு நாளும் உழைத்தாள்.

பூண்டு முளைவிட்டு ஒரு சாண் உயரம் வந்தபோது அவள் கட்டிலோடு கிடந்தாள். பேச்சு முன்னும் பின்னும் போக ஆரம்பித்தது. அத்தானைக் கூப்பிட்டாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று விரட்டினாள். கல்லீரல் வேலையை நிறுத்தினால் புத்தியும் கலங்கும் என்று டாக்டர் போனில் விளக்கினார். இனி திட்டு விழாது என்று தெரிந்ததும் மகளைக் கூப்பிட்டேன். அதாவது, கூப்பிட்டால் பிரயோஜனம் இல்லை என்று ஆன பிறகு எனக்குத் தைரியம் வந்தது.

அவள் மதியத்துக்குள் வந்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். நான்தாம்மா, நான்தாம்மா என்று பலமுறை சொன்னாள். அக்காள் அவளை உற்றுப் பார்த்தாள். நாலு வருஷக் கோபம் அந்தப் பார்வையில் இல்லை. அந்த நாலு வருஷமே இல்லை. மகளும் இல்லை.

"எந்த ஊரு தாயி நீயி?" என்று கேட்டாள்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"கன்னிவாடிம்மா."

"அங்கிட்டுத்தான் எம் மக இருக்கா." அக்காள் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "வெரசா ஊருக்குப் போறியா? போனா அவளப் பாத்துச் சொல்லு. அம்மா நல்லாயிருச்சு, ஒன்னும் கவலப்பட வேணாம்னு சொல்லு."

"சொல்றேம்மா" என்றாள் மகள்.

அந்தக் கையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். அந்த அறைக்கு ஒரே ஒரு வாசல், அதில் நான் நின்றிருந்தேன். கிட்டே வந்து நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் நானும் அழுதுவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் அடக்கமான குரலில், பக்கத்து வீட்டுக்காரரிடம் வழி கேட்பது போலக் கேட்டாள்.

"இத நான் யார்ட்டப் போய்ச் சொல்லணும் மாமா?"

நான் ஒதுங்கி வழிவிட்டேன்.